திருகு சார்

காசிமேட்டு மீன் ஏலமாகட்டும், மயிலாப்பூர் அறுபத்துமூவர் விழாவாகட்டும், வேடந்தாங்கல் ஏரிக்கரையாகட்டும், கேமராவும் கழுத்துமாகப் பத்துப் பேர் கூடுகிற இடத்தில் ஒருவர் மட்டும் படம் எடுக்காமல் லென்ஸின் மூக்கைத் திருகிக்கொண்டிருப்பார். கேமராவைக் கண்ணில் வைப்பார், எடுப்பார். லென்ஸ் முனையில் இருக்கும் கறுப்பு ஹூட்டை ஒரு 'டிக்'கோடு கழற்றி அக்குளில் இடுக்கிக்கொள்வார். உள்ளே இருக்கும் ஃபில்டர் வளையத்தை இரண்டு விரலால் கொஞ்சம் திருகுவார். வானத்தைப் பார்த்துத் தலையாட்டுவார். ஹூட்டை மறுபடி மாட்டுவார். அதற்குள் மீன் விலை போயிருக்கும். நாயன்மார் பல்லக்கு தெருமுனை தாண்டியிருக்கும். நாரை பறந்துபோய் இன்னொரு மரத்தில் உட்கார்ந்து, பக்கத்தில் நிற்பவரின் கேமராவில் அழகாக விழுந்திருக்கும்.

இவர்தான் திருகு சார். பெயர் வைத்தது எங்கள் புகைப்படக் குழுவில் இருக்கும் இளவட்டங்கள். அவருக்கும் இது தெரியும். "திருகத் தெரியாதவன் வச்ச பேரு தம்பி" என்று சொல்லிவிட்டுத் திருகிக்கொண்டிருப்பார்.

வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். வங்கி, மின்வாரியம், பாலிடெக்னிக் இவற்றில் ஒன்றில் வேலை. பதினாறு பை வைத்த கையில்லாச் சட்டை ஒன்று போட்டிருப்பார். ஒரு பையில் துடைக்கிற துணி, இன்னொன்றில் ஊதுகிற ரப்பர் உருண்டை, மற்ற பைகளிலெல்லாம் வளையங்கள். முதலில் 77 மில்லிமீட்டரில் ஒரே ஒரு உயர்தர போலரைசர் வாங்கினார். மற்ற லென்ஸ்களின் வாய் 67, 72 என்று சின்னதாக இருந்ததால், இடையில் போட ஸ்டெப்-அப் வளையங்கள் வாங்கினார். ஒரு ஃபில்டரில் எல்லா லென்ஸும் முடிந்தது, பணம் மிச்சம் என்று வீட்டில் கணக்குக் காட்டினார். 67 மில்லிமீட்டர் லென்ஸோடு வந்த ஹூட், 77 மில்லிமீட்டர் ஃபில்டரைத் தாண்டி உள்ளே ஏறாது என்பது ஊட்டிக்குப் போய் இறங்கிய பிறகு தெரிந்தது. அதன் பிறகு வாங்கியவை வீட்டுக் கணக்கில் வரவில்லை.

போலரைசர் என்ன செய்யும் என்று அவரிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். நானே சொல்லிவிடுகிறேன், சீக்கிரம் முடியும். வானத்திலிருந்தும், தண்ணீர், இலை, கண்ணாடி இவற்றில் பட்டுத் தெறித்தும் வருகிற வெளிச்சத்தில் ஒரு பெரும் பகுதி ஒரே தளத்தில் அதிர்ந்துகொண்டு வரும். அந்தப் பகுதியை மட்டும் இந்தக் கண்ணாடி தடுக்கும். எந்தத் தளத்தைத் தடுக்க வேண்டும் என்று சொல்வதற்குத்தான் அதைத் திருகுவது. சரியாகத் திருகினால் வானம் கருநீலமாகும், மேகம் பஞ்சாகத் திரளும், இலையின் வெள்ளைப் பளபளப்பு போய்ப் பச்சை வெளியே வரும், குளத்தின் அடிமணல் தெரியும். உண்மையிலேயே அற்புதமான பொருள். ஆனால் வானத்தைப் பொறுத்தவரை, சூரியனுக்குச் செங்குத்தான திசையில்தான் முழு வேலையும் நடக்கும். சூரியனுக்கு நேராகவோ, சூரியனுக்கு முதுகு காட்டியோ நின்றால் நாள் பூராவும் திருகினாலும் வானம் அசையாது.

இந்தத் திசையைக் கண்டுபிடிக்க சார் ஓர் அபிநயம் வைத்திருக்கிறார். ஆள்காட்டி விரலைச் சூரியனை நோக்கி நீட்டி, கட்டைவிரலை நிமிர்த்தி, மணிக்கட்டை மெல்லச் சுழற்றுவார். கட்டைவிரல் எந்தப் பக்கமெல்லாம் காட்டுகிறதோ அந்தப் பக்கமெல்லாம் வானம் நன்றாகக் கறுக்கும். இது பிசகாத வித்தைதான். ஆனால் ஒரு திருவிழாக் கூட்டத்தின் நடுவில் அறுபது கிலோ மனிதர் ஒருவர் கைத்துப்பாக்கி பிடித்த பாவனையில் சூரியனைக் குறிவைத்துச் சுழன்றால், பந்தோபஸ்துக்கு நிற்கும் ஏட்டய்யா என்னவென்று நினைப்பார்? ஒருமுறை அருகே வந்து, "சார், வீட்டு ஆளுங்க யாராவது கூட வந்திருக்காங்களா?" என்று கனிவாக விசாரித்தார்.

இதெல்லாம் ஃபில்டரோடு போகிற சங்கதி. வில்லங்கம் தொடங்குவது ஹூட்டில். சாரின் வாதத்தை அவர் வாயாலேயே கேட்க வேண்டும்.

"தம்பி, ஃபில்டர் போட்டா லென்ஸுக்கு முன்னாடி ஒரு கண்ணாடி கூடுது. கண்ணாடி கூடினா பக்கவாட்டு வெயில் அதுல பட்டு உள்ளே தெறிக்கும். படம் சோகை பிடிச்சு வெளுத்துப்போகும். அதனால ஃபில்டர் போட்டவன் கண்டிப்பா ஹூட் போடணும்."

"சரி சார்."

"ஹூட் போட்டா ஃபில்டர் வளையம் உள்ளே போயிடும். விரல் எட்டாது. அதனால ஃபில்டரைத் திருகணும்னா ஹூட்டைக் கழட்டணும்."

"அப்ப ஃபில்டர் போட்டா ஹூட் வேணும், ஹூட் போட்டா ஃபில்டர் வேலை செய்யாது."

"வேலை செய்யும். கழட்டணும்."

பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்று நம்மூரில் சொல்வார்களே, அந்த ஜாதகத்தை அப்படியே கறுப்பு பிளாஸ்டிக்கில் வார்த்து ஜப்பானிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள். கொடுமை என்னவென்றால் அவர் சொல்வதில் ஓர் எழுத்தும் தப்பில்லை. போலரைசர் முழு வீச்சில் வேலை செய்வது சூரியன் பக்கவாட்டில் இருக்கும்போது. ஹூட் தேவைப்படுவதும் சூரியன் பக்கவாட்டில் இருக்கும்போதே. இரண்டும் வெவ்வேறு திசையில் தேவைப்பட்டிருந்தால் மனிதர் நிம்மதியாக இருந்திருப்பார்.

அந்தக் காரியத்தைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பார்க்கலாம். ஹூட்டைக் கழற்றினார். திருகினார். வானம் கறுத்தது. ஹூட்டை மாட்டுகிறார். தாமரை இதழ் மாதிரி வெட்டிய ஹூட் அது. நீள இதழ் மேலும் கீழும், குட்டை இதழ் பக்கவாட்டிலும் வர வேண்டும். கால் சுற்று தப்பாக நின்றால் படத்தின் நான்கு மூலையிலும் இருட்டு விழும். ஆகவே புள்ளியோடு புள்ளி சேர்த்துத் திருப்புகிறார். திருப்பும்போது ஹூட்டின் உள்விளிம்பு ஃபில்டர் வளையத்தில் லேசாக உரசிவிடுகிறது. வளையம் நகர்ந்துவிடுகிறது. கண்ணில் வைத்துப் பார்த்தால் வானம் பழையபடி வெளுப்பு. மறுபடி 'டிக்'. இம்முறை கழற்றாமலேயே சமாளிக்கலாம் என்று ஹூட்டுக்குள் சுண்டுவிரலை விடுகிறார். விரல் வளையத்தைத் தொடுவதற்கு முன் கண்ணாடியைத் தொட்டுவிடுகிறது. காலையில் சாப்பிட்ட வடையின் எண்ணெய்க் கோடு ஒன்று வானத்தின் குறுக்கே. துணியை எடுத்துத் துடைக்கிறார். துடைத்ததில் வளையம் இன்னும் நகர்கிறது. எல்லாம் முடிந்து சட்டகம் பார்த்தால், இந்தக் காட்சி நெட்டுக்குத்தலாக இருந்தால் நன்றாயிருக்குமே என்று தோன்றுகிறது. கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினால் ஃபில்டரும் கால் வட்டம் திரும்பிவிடும். அது எந்தத் தளத்தைத் தடுத்ததோ அதை இப்போது தாராளமாக உள்ளே விடும். ஆக, 'டிக்'.

பரிகாரம் இல்லாமலில்லை. பென்டாக்ஸ்காரர்கள் நெடுங்காலமாகவே ஹூட்டின் அடியில் சின்ன ஜன்னல் வைத்துத் தருகிறார்கள். அதைத் திறந்து விரல் நுழைத்து வளையத்தைத் தள்ளிக்கொள்ளலாம். கேனான், சோனியின் சில பெரிய டெலி லென்ஸ் ஹூட்களிலும் அப்படி ஒரு கதவு உண்டு. சாரின் லென்ஸுக்கு இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சால்டரிங் அயர்ன் பழுக்கக் காய்ச்சி அவரே ஹூட்டில் ஜன்னல் திறந்தார். வீடு முழுக்க பிளாஸ்டிக் நாற்றம். அம்மையார் இரண்டு நாள் பேசவில்லை. ஜன்னல் வழியாக விரல் போனது, வெயிலும் போனது. கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி மூடினார். இப்போது ஹூட்டைக் கழற்றுவதற்குப் பதில் டேப்பைக் கழற்றுகிறார்.

இதைவிட எளிய வழியை அவருக்குச் சொன்னவர், ஃபிலிம் காலத்திலிருந்து ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒரு பெரியவர். போலரைசரின் முன்விளிம்பிலேயே மரை இருக்கும். அதில் ஒரு ரப்பர் ஹூட்டைத் திருகி மாட்டிவிட்டால், ஹூட்டைத் திருப்ப ஃபில்டரும் கூடவே திரும்பும். முடிந்தது கதை. வைட் லென்ஸில் மட்டும் மூலை இருளும், மற்றபடி குறையில்லை. சார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஆனால் அதைச் செய்யவில்லை. வட்ட ரப்பர் ஹூட் நீள்சதுரப் படத்துக்குப் பொருத்தமான நிழல் தராதாம். எனக்கென்னவோ, கழற்றி மாட்டுகிற வேலை போய்விட்டால் நாள் முழுக்க என்ன செய்வது என்ற கவலைதான் காரணம் என்று படுகிறது.

தன்னைப்போல் அல்லாதவர்களிடம் அவர் காட்டும் இரக்கம் தனி. ஹூட்டைத் தலைகீழாக லென்ஸ் மேலேயே கவிழ்த்து வைத்துக்கொண்டு படம் எடுக்கும் பையன்களைக் கண்டால், "அது ஹூட் இல்ல தம்பி, சுமை" என்பார். கணினியில் வானத்தைக் கறுப்பாக்கிக்கொள்ளலாமே என்று யாராவது சொன்னால் முகம் சிவந்துவிடும். "வானத்தைப் பண்ணுவே. தண்ணி மேல வெள்ளையா அடிச்ச வெயிலுக்குக் கீழ என்ன இருந்துச்சுன்னு உன் கம்ப்யூட்டருக்குத் தெரியுமா?" இந்த வழக்கில் நான் சார் பக்கம். பதிவாகாத மீனைக் கணினி கற்பனையாக வரையலாம், மீட்டெடுக்க முடியாது.

டிபன் நேரத்தில் சரித்திரம் நடக்கும். இட்லி வந்ததும் அவர் தொடங்குவது 1852ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரம். அங்கே ஹெராபாத் என்ற டாக்டர். குவினைன் கொடுத்து வளர்த்த ஒரு நாயின் சிறுநீரில் அவருடைய சீடர் அயோடினை விட, பச்சைப் படிகங்கள் உண்டாயின. அவை ஒளியைத் தளம் பிரித்தன. அந்தப் படிகத்தைப் பிடித்துக்கொண்டுதான் பிற்பாடு அமெரிக்காவில் எட்வின் லேண்ட் முதல் போலராய்டு தகடுகளைச் செய்தார். "இப்ப நம்ம கையில இருக்கறதுக்கு ஆதிமூலம் அந்த நாய்தான்" என்று சொல்லி சாம்பாரை ஊற்றிக்கொள்வார். பாதிப் பேர் இட்லியை ஒதுக்கிவிடுவார்கள். மீந்ததை அவர் வீணாக்குவதில்லை.

அடுத்தது சர் சி. வி. ராமன். இதைச் சொல்லும்போது குரலே மாறும். "நம்ம திருச்சிக்காரர்." 1921இல் ஐரோப்பாவிலிருந்து நர்குண்டா கப்பலில் திரும்பி வந்தபோது ராமன் கையில் ஒரு நிகோல் பட்டகம் இருந்தது. அதுவும் போலரைசர்தான். தண்ணீரில் தெறிக்கும் வெளிச்சம் முழுக்க ஒரே தளத்துக்கு வந்துவிடுகிற கோணம் ஒன்று உண்டு, செங்குத்துக் கோட்டிலிருந்து ஏறக்குறைய 53 டிகிரி. அந்தக் கோணத்தில் கடலைப் பார்த்து, பட்டகத்தைத் திருகி, மேற்பரப்பில் தெறித்த வானத்தை அணைத்தார். வானம் அணைந்த பிறகும் கடல் நீலமாகவே இருந்தது, இன்னும் அழுத்தமாக. கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு என்று ராலே பிரபு சொன்னது போதாது, தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று அங்கிருந்து கிளம்பிய யோசனைதான் 1928இல் ராமன் விளைவில் வந்து முடிந்தது, 1930இல் நோபல் பரிசும் வந்தது.

சொல்லி முடித்துவிட்டு சார் ஒரு நிமிடம் மௌனமாக இருப்பார். அந்த நிமிடத்தில்தான் ஒரு பொடியன் கேட்டான்: "ராமன் கிட்ட ஹூட் இருந்துச்சா சார்?"

"இல்ல."

"அதான் சார் நோபல் வாங்கிட்டாரு."

ஒகேனக்கல்லுக்குப் போனபோது சாரின் முழு விசுவரூபமும் தெரிந்தது. ஈரப்பாறையின் மினுமினுப்பைக் கொல்ல போலரைசரை விட்டால் வேறு ஆயுதம் கிடையாது. அதைக் கிடைமட்டப் பளபளப்புக்கு எதிராகச் சரியாகத் திருகி, ஹூட்டை மாட்டி, முதல் தடவையிலேயே வளையம் நகராமல் நின்று, மனிதர் பூரித்துப்போய் நின்றார். அந்த நேரம் சாரலில் வெயில் பட்டது. "வானவில்! வானவில்!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். எல்லாக் கேமராவும் அந்தப் பக்கம் திரும்பியது. சாரும் திருப்பினார்.

"எங்கே?"

"அதோ சார், அருவிக்கு மேலே!"

"எங்கேப்பா?"

வானவில்லின் வெளிச்சமும் ஒரே தளத்தில் அதிர்வது. வில்லின் உச்சியில் அது கிடைமட்டம். பாறைக்காகத் திருகி வைத்த கண்ணாடி, பாறையின் பளபளப்போடு வில்லின் உச்சியையும் துடைத்துவிட்டது. கேமராவில் பார்த்தால் அருவி இருக்கிறது, பாறை இருக்கிறது, வானவில் இருக்க வேண்டிய இடத்தில் சுத்தமான சாரல். கேமராவை இறக்கிவிட்டுக் கண்ணால் பார்த்தால் ஏழு வண்ணமும் இருக்கிறது. விஷயம் புரிந்து அவர் ஹூட்டைக் கழற்றினார். 'டிக்' என்றதும் மேகம் வந்து வெயிலை மூடியது.

அன்றே பரிசலில் இன்னொன்றும் நடந்தது. போலரைசரை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருகக் கூடாது. மரை இறுகும் பக்கமாகத்தான் திருக வேண்டும் என்பது அவரே எல்லோருக்கும் போதிக்கும் பாலபாடம். வானவில் போன வருத்தத்தில் அவர் எதிர்ப்பக்கம் திருகினார். வளையத்தோடு ஃபில்டரே கழன்று, பரிசல் விளிம்பில் 'டங்' என்று ஒரு தட்டுத் தட்டி, காவிரியில் இறங்கியது. பரிசல்காரர் துடுப்பை நிறுத்தி, "என்ன சாமி அது, மூடியா?" என்றார். சார் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபில்டர் இல்லாததால் அடியில் எதுவும் தெரியவில்லை.

கல்யாண வீடுகளில் அவருக்கு வெற்றியும் உண்டு. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா வழுக்கையில் ஜன்னல் வெளிச்சம் ஒரு வெள்ளைத் திட்டாக விழுந்திருந்ததை ஒரே திருகில் பாதியாக்கினார். அந்த மண்டபத்துக்கு வந்த தொழில்முறைக் கலைஞர்களே அசந்துபோனார்கள். உற்சாகத்தில் பெண்ணின் பட்டுப்புடவை ஜரிகையின் மினுக்கையும் அடக்கப் போனார். ஜரிகை அடங்கவில்லை. வெறும் உலோகத்தில் தெறிக்கும் வெளிச்சத்திடம் இந்தக் கண்ணாடியின் சாமர்த்தியம் செல்லாது. ஆனால் அவர் திருகத் தொடங்கியது மாங்கல்யதாரணத்துக்கு முன்பு. விட்டது, பந்திக்கு இலை போட்ட பிறகு.

சொந்தக் குடும்ப ஆல்பத்தைப் பார்த்தால்தான் பரிதாபம். ஒவ்வொரு படத்திலும் வானம் அப்படியொரு நீலம். அதன் கீழே அம்மையார் கண்ணை மூடியிருப்பார், மகன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பான், மாமியார் சட்டகத்தை விட்டே நகர்ந்து ஒரு கல்லில் உட்கார்ந்திருப்பார். வைட் லென்ஸில் எடுத்தவற்றில் வானத்தின் ஒரு பக்கம் கருநீலத் திட்டும் மறுபக்கம் வெளுப்புமாக இருக்கும். அவ்வளவு அகலமான வானத்தில் எல்லா இடமும் சூரியனுக்கு ஒரே கோணத்தில் இருக்காதில்லையா? கேட்டால் "மழை வர்ற மாதிரி இருந்துச்சு" என்பார்.

இவ்வளவு சொன்னாலும், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எதில் பட்டு எப்படித் திரும்புகிறது என்று அந்தக் குழுவிலேயே தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் பொருளைப் பார்த்துப் படம் எடுக்கிறார்கள். அவருக்கு வெளிச்சத்தைப் பார்ப்பதிலேயே பொழுது போய்விடுகிறது. அவரிடம் ஒரு மணி நேரம் பேச்சுக் கொடுத்தவன் அடுத்த மாதம் எடுக்கிற படத்தில் வித்தியாசம் தெரிகிறது. அவர் எடுக்கிற படத்தில்தான் தெரிவதில்லை.

உங்கள் வீட்டு விசேஷத்துக்கும் இவரைப்போல் ஒருவர் கேமராவோடு வருவார், தவிர்க்க முடியாது. குடும்பப் படம் எடுக்கக் கூப்பிட்டால், வரிசையாக நிற்கும் இடத்தை அவரிடம் விடாமல் நீங்களே தேர்ந்தெடுத்துவிடுங்கள். சூரியன் அவர் முதுகுக்கு நேர் பின்னால் இருக்க வேண்டும். அந்தத் திசையில் போலரைசருக்கு வானத்தில் வேலை இல்லை, ஹூட்டுக்கு வெயில் இல்லை என்பது அவருக்கே தெரியும், ஒரே 'க்ளிக்'கில் எடுத்துவிடுவார். உங்களுக்குக் கண் கொஞ்சம் கூசும். பொறுத்துக்கொள்ளுங்கள், முதல் பந்தியில் இடம் கிடைக்கும்.